அகலிகையும் பின்வந்த புலவரும்

முன்னோர் மொழிந்த கதையைப் பின்னோர் எடுத்து மீண்டும் மொழிதல் நம் இலக்கியத்திற்குப் புதியதன்று. நூலின் வகை கூறப்புகுந்த தொல்காப்பியர் முதனூல், வழிநூல் என அதனைப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தும் விரித்தும் தொகுத்து விரித்தும் மொழிபெயர்த்தும் செய்யலாம் என நால்வகைப்படுத்தினார். பவணந்தி முனிவரோ, வழிநூல் செய்வோன் முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து நிற்றல் வேண்டும். தான் விரும்பும் வேறுபாடு சிலவற்றைக் கூறவும் செய்யலாம். ஆயின் மரபு மட்டும் அழிதல் ஆகாது என்று வரம்பு கட்டினார். இவ்விதிகள் கதை நூல்களை மட்டும் நோக்கி எழுந்தனவல்ல எனினும், கதை நூலுக்கும் இவற்றைக் கொண்டு பார்த்தல் தவறாகாது. பார்க்குங்கால் ஒரு வினா எழுகின்றது. பின்னோன் விரும்பும் வேறுபாடு எத்துணை வரை செல்லலாம்? எவ்விடத்தில் மரபு அழிந்ததென்று நாம் கூறுவது?

நூற்பாவைத் திரும்பத் திரும்ப ஓதுவதால் இதற்கு விடை கிடைக்காது. ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அது கைம்மாறி வந்த வழியைப் பின்தொடர்தலே தக்கது. யாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அகலிகையின் கதை. இராமாயணத்துள் மிகச் சிறிய இடமே பெற்ற இக்கிளைக்கதையைப் போலப் பலர் கையிற் பட்டு உருமாறிய கதை நம் மொழியில் வேறொன்று உண்டோ என்பது ஐயம்.

கதையின் வித்து மிகப் பழையது. சதபத பிராமணத்தில் இந்திரனை வேள்விக்கு அழைக்கும் விளிகளுள் ஒன்று அவனை அகலிகையின் கள்ளக் காதலன் என்றே அழைக்கின்றது. ஏன் அவ்வாறு அழைத்தனர், அவள் யாவள் என்ற விவரம் அங்கே இல்லை. விவரம் வேண்டுவோர் வான்மீகியிடம் செல்லுதல் வேண்டும்.

வான்மீகியின் பாலகாண்டத்தில், மிதிலைக்கு அணித்தாகப் பாழ்பட்டுக் கிடந்த ஓர் ஆசிரமத்தைக் கண்டு இராமன் வினவ, விசுவாமித்திரர் அதன் வரலாற்றைக் கூறுகின்றார். அங்கு வரும் அகலிகை ஏமாந்தவள் அல்லள். முனிவர் வேடத்தில் வந்தவன் இந்திரன் என்பதை அவள் அறிவாள். அறிந்தே, தேவர்கோனைப் பற்றிய ஆவலால் உடன்படுகின்றாள். பின்னர், உம்மையும் என்னையும் காத்துக்கொண்டு விரைந்து செல்லும் என்று அவனை அனுப்பவும் செய்கின்றாள். நீராடி வந்த கௌதமர் இட்ட சாபத்திலும் கல் என்பதில்லை. காற்றே உணவாக, சாம்பலிற் கிடந்து, எவ்வுயிர் கண்ணுக்கும் புலனாகாமல் பல்லாயிரம் ஆண்டு இவ்விடத்தில் இருப்பாய் என்பதே சாபம். இராமன் வந்து அவளது விருந்தோம்பலை ஏற்கும்போது சாபம் நீங்கும். அவ்வாறே அவன் வருகின்றான். அவள் உருவம் புலப்படுகின்றது. அப்பொழுது நிகழ்வது யாது? அரசிளங் குமரர் இருவரும் அவள் பாதங்களைத் தொட்டு வணங்குகின்றனர். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகின்றோம்.

அதே இராமாயணத்தின் உத்தரகாண்டத்தில் இக்கதை வேறு வகையாக மீண்டும் வருகின்றது. அங்கே அகலிகை தன் கணவனை நோக்கி, உம் உருவில் வந்தவனை நான் அறியாமல் வஞ்சிக்கப்பட்டேன் என்று முறையிடுகின்றாள். ஆகவே, அறிந்து பிழைத்தாள் என்ற கூற்றும், அறியாது கெட்டாள் என்ற கூற்றும் வான்மீகி பெயரால் வழங்கும் ஒரு நூலுள்ளேயே இருக்கின்றன. உத்தரகாண்டம் பிற்காலத்துச் சேர்க்கை என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அங்ஙனமாயின், முதனூலைத் திருத்தும் பணி முதனூலின் அட்டைக்குள்ளேயே தொடங்கிவிட்டது என்றன்றோ கொள்ளவேண்டும்!

நிற்க. கல் எங்கிருந்து வந்தது? தமிழ்ப் பிள்ளைகளாகிய நாம் அகலிகை என்றவுடன் கல்லையே நினைக்கின்றோம். அக்கல் சங்கத் தொகையுள் ஒன்றாகிய பரிபாடலில் இருக்கின்றது. திருப்பரங்குன்றத்தைப் பாடிய நப்பண்ணனார், 19ஆம் பாடலில், குன்றத்தின்கண் இருந்த ஓவிய மண்டபம் ஒன்றைக் காட்டுகின்றார். முருகனை வழிபட வந்தோர் அம்மண்டபத்துட் புகுந்து சுவரோவியங்களைக் காண்கின்றனர். இன்னார் யாவர் என ஒருவர் வினவ, அறிந்தவர் விரலாற் சுட்டி விடை கூறுகின்றனர். இவர் இரதியும் காமனும்; இதோ பூனை உருக்கொண்ட இந்திரன்; இவள் அகலிகை; வெளியே சென்றிருந்த கௌதமன் இவன்; அவன் சினத்தால் அவள் கல்லுருவானது இவ்வாறு என்று அவ்விளக்கம் செல்கின்றது.

எத்துணை இயல்பான காட்சி! விழாக்காலத்தில் கோயிற்கு வந்த மக்கள் படம் பார்த்துக் கதை கேட்கின்றனர். இதனால் நாம் அறிவன இரண்டு. கம்பர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்னரே இக்கதை பாண்டி நாட்டில் ஓவியமாய்த் தீட்டப்படும் அளவிற்குப் பரவியிருந்தது என்பது ஒன்று. பூனையும் கல்லும் அப்போதே கதையுள் இடம்பெற்றுவிட்டன என்பது மற்றொன்று. வடமொழியிற் காளிதாசரும் தம் இரகுவமிசத்தின் 11ஆம் சருக்கத்தில் கல்லாய்க் கிடந்த கௌதமர் மனைவி இராமனது அடிப்பொடியின் அருளால் தன் அழகிய உருவை மீண்டும் பெற்றாள் என ஒரே சுலோகத்தில் சொல்லிச் செல்கின்றார். ஆகவே, சாம்பலில் மறைந்திருந்தவள் கல்லானதும், வணங்கப்பெற்ற பாதத்திற்குரியவள் மற்றொருவர் பாதத்துகளால் எழுந்ததும், கம்பர் தாமே படைத்துக்கொண்டன அல்ல. அவர் கைக்கு அவை முன்னரே வந்து சேர்ந்திருந்தன.

கம்பர் செய்தது யாது என இனிக் காண்போம். அகலிகைப் படலத்தில் அவர் இருவகைக் கூற்றையும் ஒருங்கே வைத்துக்கொண்டார். இந்திரன் கணவன் உருவில் வருகின்றான். எனவே அவள் முதலில் வஞ்சிக்கப்பட்டவளே. ஆயினும் இடையில் அவன் வேற்றவன் என உணர்கின்றாள்; உணர்ந்த பின்னும் இது தகாது என்று விலகினாளல்லள். கௌதமர் வந்து சினக்கின்றார். இந்திரன் பூனையாகி நழுவப் பார்க்கின்றான். அவனுக்கு ஒரு சாபம். அவளை விலைமகளோடு ஒப்பிட்டுக் கல்லாகுமாறு மற்றொரு சாபம். இது படலத்தின் ஒரு பக்கம்.

மறு பக்கமோ வேறு விதமாய் இருக்கின்றது. கல் பெண்ணாகின்றது. இராமன் அவளை அன்னை என்று விளித்து, வருந்தாதே, முனிவருக்குப் பணிசெய்து அவர் அருளைப் பெறுக என்று தேற்றுகின்றான். பின்னர்க் கௌதமரைக் காணும் விசுவாமித்திரர், தன் நெஞ்சறிய இவள் பிழை செய்தவளல்லள், இவளை ஏற்றுக்கொள்க என்கின்றார். கௌதமரும் உடன்படுகின்றார்.

இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்? உணர்ந்தும் விலகாதவள் நெஞ்சினாற் பிழையாதவள் ஆதல் எங்ஙனம்? இவ்வினா கம்பனைக் கற்போர் கூடும் இடமெல்லாம் எழுவதொன்று. எம் விடுதியிலும் ஓரிரவு விளக்கணைக்கும் மணி கடந்தும் இவ்வாதம் நீண்டது. முதற் கூற்றுக் கவியின் கூற்று, இரண்டாவது பாத்திரத்தின் கூற்று, ஆதலின் முரணில்லை என்றார் ஒருவர். நெடுங்காலம் கல்லாய்க் கிடந்ததால் பழைய நெஞ்சு தேய்ந்துபோயிற்று, இப்போதிருப்பது புதிய நெஞ்சு என்றார் மற்றொருவர். எழுந்த வேகத்தில் உடல் உணர்ந்தது, நெஞ்சு உணரவில்லை என்பாரும் உளர். எமக்கோ இம்மூன்றனுள் எதுவும் முழு நிறைவு தரவில்லை. கம்பர் இம்முரணை அறியாது விட்டார் என்று எண்ணுவதும் தகுதியன்று. குற்றத்தைக் குறைத்துக் கூறாமலே மன்னிப்பைப் பெரிதாக்க வேண்டும் என்பது அவர் கருத்தாக இருந்திருக்கலாம் என்றே யாம் கொள்கின்றோம். குற்றமேயில்லை என்றால் அருளுக்கு அங்கு வேலையில்லை அன்றோ?

இன்னொன்றும் கருதத்தக்கது. இப்படலம் இராமன் செல்லும் வழியில் நிற்பது. தாடகையை வென்றது பின்னே. மிதிலையில் வில் முறிக்கப்போவது முன்னே. தாடகை வதத்திற் கைவண்மை கண்ட முனிவர், இங்கே கால்வண்மையைக் கண்டு வியக்கின்றார். அதனோடு கதையும் இராமன் பின்னே நடந்து மிதிலைக்குப் போய்விடுகின்றது. அகலிகையும் கௌதமரும் ஆசிரம வாயிலில் நிற்க, நாம் அவர்களைத் திரும்பிப் பாராமற் சென்றுவிடுகின்றோம். மறுநாட் காலை அவ்விருவரும் என்ன பேசிக்கொண்டனர்? கம்பர் கூறார், கூறவேண்டிய கடமையும் அவர்க்கில்லை.

கால்வண்மையின் புகழ் பின்னும் வளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் இந்தி மொழியில் துளசிதாசர் பாடிய இராமசரிதமானசத்தில், கங்கைக் கரை ஓடக்காரன் இராமனைத் தன் ஓடத்தில் ஏற்ற அஞ்சுகின்றான். கல்லையே பெண்ணாக்கிய கால்தூசி. மரமோ கல்லினும் மெல்லியது. என் ஓடம் பெண்ணாகிவிட்டால் பிழைப்புக்கு எங்கே போவேன் என்று கூறி, முதலிற் பாதத்தைக் கழுவவேண்டும் என்று அடம்பிடிக்கின்றான். பக்தியும் நகைச்சுவையும் இணைந்த இனிய இடம் அது. ஆனால் அவ்விடத்தில் அகலிகை ஓர் உவமையளவாய்ச் சுருங்கிவிட்டாள் என்பதையும் சொல்லாமல் இருத்தற்கில்லை.

அவளை மீண்டும் நடுவே கொணர்ந்து நிறுத்தியவர் நெல்லை நாட்டு வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியார் (1857–1946). மில்டனது சுவர்க்க நீக்கத்தைத் தமிழ்ச் செய்யுளாக்க முயன்ற அப்பெரியார், அகலிகை வெண்பா என ஒரு தனி நூலே செய்தார். அதில் அகலிகை இந்திரனுக்குக் கற்பின் மேன்மையை எடுத்துரைத்து வாதிடுகின்றாள். அவன் கேளாது வன்முறையாற் கெடுக்கின்றான். குற்றம் முழுவதும் இந்திரன் தலைமேல் ஏறிவிடுகின்றது. வெண்பாக்களின் ஓட்டம் இனிது. ஆயினும் கம்பர் விட்டுவைத்த முரண் இங்கே அவிழ்க்கப்படாமல் அறுக்கப்பட்டுவிட்டது என்பது எம் கருத்து. மாசற்றவளாக அவளை ஆக்கிவிட்டால் வாசகனுக்கு நெஞ்சில் உறுத்தல் இல்லை. உறுத்தல் இல்லாத அகலிகை நம்மோடு நெடுநாள் தங்குவாளோ என்பது ஐயமே. ஒன்று மட்டும் நன்றியோடு கூறவேண்டும்: பெயரளவிற் கிடந்தவளுக்கு வாதிடும் வாயைத் தந்தவர் அவர்.

இனி, உரைநடைக்கு வருவோம். புதுமைப்பித்தன் என்னும் புனைபெயருடைய சொ. விருத்தாசலம் (1906–1948) இக்கதையை இருமுறை எடுத்தாண்டார். முதலில் எழுதியது அகல்யை என்னும் சிறுகதை. பின்னர் 1943இல் கலைமகளில் வெளிவந்தது சாபவிமோசனம். இரண்டாவதே பெரிதும் பேசப்படுவது. யாமும் அதனையே எடுத்துக்கொள்கின்றோம். இராமாயணத்தோடு பழகியவர்களுக்கு இக்கதை பிடிபடாமலும் பிடிக்காமலும் போகலாம், அதுபற்றித் தமக்குக் கவலையில்லை என்ற பொருளில் அவர் தலைப்பிலேயே ஒரு குறிப்பும் வைத்தார். நன்னூலாரின் வரம்பைத் தாண்டப்போகிறோம் என்பதை அறிந்தே தாண்டிய எழுத்து அது.

கதை கம்பர் நிறுத்திய இடத்தில் தொடங்குகின்றது என்று சொன்னால் பெரும்பிழையாகாது. வழியோரத்தில் ஒரு கற்சிலை; அருகே ஒரு புற்று. சிலை அகலிகை, புற்றுக்குள் இருப்பவர் கௌதமர். விளையாடிக்கொண்டு ஓடிவரும் சிறுவன் இராமனது காற்றூசி படுகின்றது, இருவரும் எழுகின்றனர். சாபம் போயிற்று. போனபின் என்ன? உலகம் மன்னித்ததோ? அவள்தான் தன்னை மன்னித்தாளோ? இவ்வினாக்களே கதை. ஒருவர் இயல்பாகச் சொல்லும் சொல்லிலும் வேறு பொருள் உண்டோ என அவள் அஞ்சுகின்றாள். தான் பேசும் சொல்லும் எவ்வாறு கொள்ளப்படுமோ என நடுங்குகின்றாள். சரயூ நதிக்கரையிற் குடில் அமைத்து வாழும்போது, நீராட வந்த பெண்கள் அவள் பெயரறிந்து விலகிச் செல்கின்றனர். கௌதமரோ அன்பு மிகுந்தவர். ஆனால் அறம் என்பது யாது எனத் தாம் கட்டிவைத்திருந்த கோட்பாடு இடிந்துபோன நிலையில் மீண்டும் எண்ணத் தொடங்கியவர். இருவரும் ஒருவரையொருவர் புண்படுத்தாமல் இருக்க முயன்று முயன்றே களைத்துப்போகின்றனர். ஆறுதலாக வந்துபோகின்றவர்கள் இராமனும் சீதையுமே.

பின்னர்ப் பட்டாபிடேகம் தடைப்படுகின்றது, காடு, பதினான்கு ஆண்டு. அவ்வாண்டுகள் முடிந்து திரும்பிய சீதை அகலிகையைக் காண வருகின்றாள். இலங்கையில் நிகழ்ந்தவற்றைக் கூறிவருகையில், தான் தீப்புகுந்த செய்தியையும் இயல்பாகக் கூறுகின்றாள். அகலிகை துடித்துப்போகின்றாள். அவன் கேட்டானா, நீ ஏன் உடன்பட்டாய் என்கின்றாள். கேட்டான், செய்தேன் என்பதே சீதையின் விடை. தன்னை மன்னித்தவனுக்கு ஒரு நீதி, தனக்கு ஒரு நீதியா என அகலிகை உள்ளம் கொதிக்கின்றது. உலகத்துக்கு மெய்ப்பிக்க வேண்டாமா எனச் சீதை சிரிக்கின்றாள். அச்சிரிப்பு அழுகையினும் கொடியது. அதன்பின் வந்த இராமன்முன் அவள் வரவில்லை. முன்பு அருள் செய்த அக்காலின் தூசி இப்போது அவனையே சுடுவதாக ஆசிரியர் எழுதுகின்றார். காளிதாசர் முதல் துளசிதாசர் வரை ஏற்றிப் போற்றிய தூசி அது.

இவ்விடத்தில் ஒரு தடையை எழுப்புவோர் உண்டு. அவர்களிடம் நியாயமும் உண்டு. வான்மீகியிலும் சரி, கம்பரிலும் சரி, தீயில் இறங்கு என்று இராமன் வாய்விட்டுக் கூறவில்லை. கடுஞ்சொற் கூறுகின்றான், அதனைப் பொறாத சீதையே இலக்குவனை நோக்கித் தீ மூட்டுமாறு சொல்கின்றாள். இலக்குவன் அண்ணன் முகத்தை நோக்க, அவன் குறிப்பால் உடன்படுகின்றான். ஆகவே, கேட்டான் என்பது மூலத்தொடு முழுதும் ஒவ்வாது. இதனைக் கொண்டு புதுமைப்பித்தன் முதனூலைத் திரித்தார் என்பர். யாம் அவ்வாறு கருதவில்லை. தடுக்கும் ஆற்றலுடையவன் தடுக்காமல் குறிப்பால் இசைந்தபின், அவன் கேட்கவில்லை என்று வாதிடுவது வழக்குமன்றத்திற்கு உதவலாம், சீதைக்கு உதவாது. மூலத்தின் நீண்ட காட்சியை ஆசிரியர் இரண்டு சொற்களிற் சுருக்கினார்; சுருக்கத்தில் நுட்பம் சிறிது குறைந்ததென்பதை மறுக்கவில்லை; செய்தி மாறிவிடவில்லை.

இராமன் ஒருவனே இரண்டு பெண்கள் முன்னும் நிற்கின்றான் என்பதைக் கண்டதே இவ்வாசிரியரின் பெருந்திறம். அகலிகையை நெஞ்சினாற் பிழையாதவள் என முனிவர் சொல்லக்கேட்டு உடனிருந்தவன், நெஞ்சினாலும் உடலினாலும் பிழையாத சீதையிடம் சான்று வேண்டி நின்றான். முன்னது பாலகாண்டத்தில், பின்னது யுத்தகாண்டத்தில். நடுவே பல்லாயிரம் செய்யுள் இருத்தலின் நாம் இரண்டையும் சேர்த்து நோக்குவதில்லை. இரண்டு காண்டத்தையும் ஒரு குடிசைத் திண்ணைக்குக் கொணர்ந்து, இரண்டு பெண்களையும் எதிரெதிரே அமர்த்தி உரையாட விட்டார் புதுமைப்பித்தன். இதற்கு அவர் புதிதாகப் புனைந்துகொண்டது மிகக் குறைவு.

உரையாசிரியர்கள் வழிநூலினின்று வேறாக எதிர்நூல் என்று ஒன்றையும் குறிப்பர். தன் கொள்கையை நிறுவிப் பிறர் கொள்கையை மறுப்பது அது. சாபவிமோசனத்தை எதிர்நூல் என ஒதுக்குவாரும் உளர். அக்காரணத்தாலேயே பாராட்டுவாரும் உளர். இருசாராரும் ஒரே தவறு செய்கின்றனர் என்று எமக்குத் தோன்றுகின்றது. கம்பரை மறுக்க விரும்பியவன் கல்லையும் காற்றூசியையும் பழங்கதையென்று முதலிலேயே தள்ளியிருப்பான். இவர் அவற்றை அப்படியே நம்பி எடுத்துக்கொள்கின்றார். உணர்ந்தும் விலகாதவள், நெஞ்சினாற் பிழையாதவள் என்ற இரண்டையும் ஒருத்தியே சுமந்தால் அவள் எவ்வாறு வாழ்வாள் என்பதே அவர் எழுப்பும் வினா. அவ்வினாவை எழுப்பும் இடத்தைக் கம்பரே ஒழித்துவைத்திருந்தார். கம்பனைக் கல்லாதவன் இக்கதையின் பாதியையும் உணரமாட்டான். மரபு அழிந்ததோ எனக் கேட்போர்க்கு இதுவே எம் விடை.

கதையின் முடிவைக் கூறி அமைகின்றோம். சீதை சென்றபின் அகலிகையின் மனம் ஓய்வு பெறவில்லை. ஒரு மகவு பிறந்தால் அவள் உள்ளம் தேறும் என எண்ணிய கௌதமர் அன்போடு அவளைத் தழுவுகின்றார். அவள் கண்ணுக்கோ, கௌதமர் உருவில் வந்த இந்திரனாகவே அவர் தோன்றுகின்றார். அவர் கைகளுக்குள் மீண்டும் கல்லாகிறாள். வான்மீகியின் கௌதமர் சினந்து சாபமிட்டு இமயத்தை நோக்கிச் சென்றவர். இராமன் வந்த அன்று மீண்டுவந்து மனைவியோடு கூடியவர். புதுமைப்பித்தனின் கௌதமரும் துறவு பூண்டு கைலையங்கிரியை நோக்கித் தனியே நடக்கின்றார். இம்முறை சாபம் இட்டவர் எவருமில்லை. எனவே, எவர் வந்தால் அது நீங்கும் என்ற வரையறையும் கதையில் இல்லை.